ஒரு வரிக் கட்டளை, பதினொரு பேக்கேஜ்

தமிழ்நாட்டு அரசின் 12-ஆம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியைக் கற்றுத் தருகிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் அது. அதன் கடைசி அத்தியாயம், 16-ஆவது, எண்களைக் கோட்டு வரைபடமாகவும் பட்டை வரைபடமாகவும் வட்ட வரைபடமாகவும் மாற்றுவது பற்றியது. இதற்கு மேட்பிளாட்லிப் என்ற பேக்கேஜ் வேண்டும். அதை நிறுவும் கட்டளை ஒரே வரியில் அச்சாகியிருக்கிறது: பைத்தானைக் கூப்பிட்டு, பிப் என்ற கருவியிடம் 'மேட்பிளாட்லிப்பை நிறுவு' என்று சொல்லும் வரி. நடுவில் ஒரு சிறு கோடும் யூ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும்.

தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ அரசுப் பள்ளியில் இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள், நிரலாளர்களிடையே கால் நூற்றாண்டாக ஓயாமல் நடக்கும் ஒரு விவாதத்துக்குள் இந்த வரியின் வழியாகத்தான் நுழைகிறார்கள். பிறர் எழுதிய நிரலை நம் கணினிக்குக் கொண்டுவர எந்தக் கருவி நல்லது? பிப்பா, கோண்டாவா, பொயட்ரியா, புதிதாக வந்த யூவியா? நெடுஞ்சாலை 44-இல் ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூர் அலுவலகங்களில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எட்டாது. ஆனால் அதன் விளைவு அவள் திரையில் சிவப்பு எழுத்துகளாக வந்து நிற்கும்.

முதலில் அந்த ஒற்றை வரி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இன்றைய கணினி ஒன்றில், புதிதாக நிறுவிய பைத்தானில் அதை இயக்கினால், வந்து சேர்வது மேட்பிளாட்லிப் மட்டுமில்லை. நம்பை, பில்லோ, கன்டூர்பை, சைக்ளர், ஃபான்ட்டூல்ஸ், கிவிசால்வர், பேக்கேஜிங், பைபார்சிங், டேட்யூட்டில், சிக்ஸ் என்று இன்னும் 10 பேக்கேஜ்கள் கூடவே இறங்கும். ஆக மொத்தம் 11.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. நம்பை எண் அடுக்குகளைக் கையாளும். பில்லோ படக் கோப்புகளைப் படிக்கும், எழுதும். தலைப்பும் அச்சுக் குறிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இடம் பார்த்து வைக்க உதவுவது கிவிசால்வர். வரைபடத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது எழுத்துருவை உள்ளே பொதிக்கத் துணை நிற்பது ஃபான்ட்டூல்ஸ். அதைத் தொடங்கியவர் யுஸ்ட் வான் ரோசம், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமின் தம்பி. சிக்ஸின் கதை விசித்திரமானது. பைத்தான் 2, பைத்தான் 3 இரண்டிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் அதன் பெயர். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. ஆனாலும் தேதிகளைக் கையாளும் டேட்யூட்டில் இன்னும் சிக்ஸைக் கேட்கிறது; டேட்யூட்டிலை மேட்பிளாட்லிப் கேட்கிறது. காலம் முடிந்த ஒரு மொழிப் பதிப்புக்காகக் கட்டிய பாலம் 2019-க்குப் பின் பிறந்த கணினிகளிலும் இறங்கிக்கொண்டே இருப்பது இப்படித்தான்.

மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹன்டர், நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை வரைந்து பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 2003-இல் அதை எல்லோருக்கும் திறந்து வைத்தார், 2012-இல் காலமானார். அவர் வைத்துப் போனதைத்தான் நம் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலை வரையப் பயன்படுத்துகிறார்கள். இப்படி அறியாத மனிதர்களின் உழைப்பின் மேல் நிற்பதைத்தான் நிரலாளர்கள் டிபென்டென்சி என்கிறார்கள். நம் மொழியில் சார்பு.

ஏன் சார்ந்திருக்க வேண்டும், தானே எழுதிக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கு நம்முடைய மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. 'தர்மபுரி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 8 என்று சொல்லும். த, ர, புள்ளி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி என்று யூனிகோடு குறிகளைத் தனித்தனியாக எண்ணுவதால் வரும் விடை அது. முதல் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும், எழுத்து 5 என்று. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பேக்கேஜ் இந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. அதையும் பிப் வழியாக ஒரே வரியில் நிறுவிக்கொள்ளலாம். தமிழ் எழுத்தைப் பிரிக்கும் விதிகளை ஒவ்வொரு மாணவரும் முதலிலிருந்து எழுதுவதைவிட, ஒருமுறை ஒழுங்காக எழுதி எல்லோரும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் பொதுக் கிடங்கு பைபிஐ. 2003-இல் தொடங்கியது, இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் அதில் உள்ளன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பைத்தானோடு சேர்ந்து வந்த டிஸ்ட்யூட்டில்ஸ், நிரலைக் கட்டிக் கொடுக்கக் கற்றுத் தந்தது. 2004-இல் வந்த செட்டப்டூல்ஸ், சார்புகளையும் சேர்த்து எடுத்துவரப் பழகியது. 2008-இல் இயன் பிக்கிங் பிப்பை எழுதினார். 2014-இல் வெளியான பைத்தான் 3.4 முதல் பிப் பைத்தானுடனேயே வருகிறது. பாடநூல் பிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இது போதுமான காரணம்.

சிக்கல் தொடங்குவது பதிப்புகளில்.

ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு வேண்டிய மற்றவற்றை ஒரு வரம்போடு கேட்கிறது. 'நம்பை இந்தப் பதிப்புக்கு மேல் இருக்க வேண்டும்' என்று சொல்லும் ஒன்று. 'இரண்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்' என்று சொல்லும் இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் கருவி இரண்டு பதிப்புகளையும் இரண்டு இடத்தில் தனித்தனியே வைத்துச் சமாளித்துவிடும். பைத்தானில் அதற்கு வழியில்லை. ஒரு சூழலுக்குள் ஒரு பேக்கேஜின் ஒரு பதிப்புதான் இருக்க முடியும். ஆகவே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே பதிப்பைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போன்ற வேலை இது. முகூர்த்த நாள் கிடைத்தால் மண்டபம் கிடைக்காது. மண்டபம் கிடைத்த நாளில் சமையல்காரர் வேறு ஊரில் இருப்பார். இரண்டும் அமைந்த நாளில் தாய்மாமனுக்கு லீவு இருக்காது. ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு, ஓரிடத்தில் முட்டினால் பின்னால் வந்து வேறு நாளில் மறுபடி தொடங்க வேண்டும். நாலு பேர் என்றால் ஒரு மாலையில் முடியும். நானூறு பேருக்கு நானூறு நிபந்தனை என்றால்?

கணிதம் இதற்குத் திட்டவட்டமான விடை வைத்திருக்கிறது. டெபியன் லினக்ஸின் பேக்கேஜ்களை ஆராய்ந்த ஈடாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம், 2005 வாக்கில், சார்புகளைப் பொருத்தும் இந்தக் கணக்கு 'என்பி-முழுமை' என்ற வகையைச் சேர்ந்தது என்று நிறுவியது. விடையைக் கொடுத்தால் சரிபார்ப்பது சுலபம். ஆனால் எல்லாச் சந்தர்ப்பத்திலும் விரைவாக விடை கண்டுபிடித்துத் தரும் வழி எதுவும் யாருக்கும் தெரியாத வகை அது. கருவிகளுக்கு இடையிலான போட்டியில் பாதி, இந்தக் கணக்கை யார் சாமர்த்தியமாகப் போடுகிறார்கள் என்பதுதான். பழைய பிப் இதைப் போடவே முயலவில்லை. முதலில் கண்ட பதிப்பை நிறுவிவிட்டு, பின்னால் வரும் நிபந்தனையைப் புறக்கணித்துவிடும். நிறுவல் முடிந்தது என்று திரை சொல்லும்; நிரல் ஓடாது. 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பில்தான் பிப்புக்கு முறையான பொருத்தும் பகுதி கிடைத்தது. முட்டினால் பின்வாங்கி வேறு பதிப்பை முயலும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடும். பொயட்ரியும் யூவியும் பயன்படுத்தும் முறைக்கு பப்கிரப் என்று பெயர். கூகுளின் டார்ட் மொழிக்காக நட்டாலி வைசன்பாம் 2018-இல் வெளியிட்டது அது. முட்டிய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி அங்கே போகாமல் தவிர்ப்பதோடு, ஏன் பொருந்தவில்லை என்பதை மனிதர் படிக்கும் வாக்கியமாகவும் சொல்லும். இந்த இரண்டாவது குணத்தை நான் வேகத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு விகிதம் குறைந்த மாவட்டமாக இருந்தது தர்மபுரி. வீட்டில் கேட்டுத் தெளிய ஆள் இல்லாத பிள்ளைக்குப் புரியாத எரர் செய்தி ஒரு மூடிய கதவு.

இப்போது அந்த யூ என்ற எழுத்துக்கு வருவோம். 'இருப்பதிலேயே புதியதாக மாற்று' என்று பொருள். பாடநூலின் கட்டளை பதிப்பு எண் எதையும் குறிப்பிடவில்லை. ஆகவே எந்த நாளில் இயக்குகிறோமோ அந்த நாளின் புதிய பதிப்பு வரும். நூல் அச்சான 2019-இல் இருந்தது மேட்பிளாட்லிப் 3.1. மேலே சொன்ன பட்டியலில் பில்லோ, ஃபான்ட்டூல்ஸ், கன்டூர்பை, பேக்கேஜிங் ஆகிய நான்கும் அன்றைக்குக் கட்டாயச் சார்புகள் கிடையாது; 2020-க்கும் 2022-க்கும் இடையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. பாடநூலில் ஒரு எழுத்தும் மாறாமலே கட்டளையின் பொருள் மாறிவிட்டது.

இடமும் மாற்றும். பழைய விண்டோஸ் 7 கணினிகள் மட்டுமே உள்ள ஒரு ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். பைத்தான் 3.9 முதல் அந்த விண்டோஸில் ஓடாது, 3.8-தான் கடைசி. அங்கே அதே கட்டளையைக் கொடுத்தால், பிப் கிடங்கைப் பார்த்து, புதிய மேட்பிளாட்லிப் இந்தப் பைத்தானை ஏற்காது என்று தெரிந்துகொண்டு, பின்னோக்கி வந்து 3.7.5 பதிப்பை எடுக்கும். பைத்தான் பழையது என்பதால் இம்போர்ட்லிப்-ரிசோர்சஸ், ஜிப் என்று இன்னும் இரண்டும் சேரும், மொத்தம் 13. பக்கத்துப் பள்ளியில் 11, இங்கே 13. பாடம் ஒன்று, கட்டளை ஒன்று.

வித்தியாசம் எண்ணிக்கையோடு நின்றால் கவலையில்லை. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, பழைய நம்பைக்கு ஏற்பக் கட்டப்பட்டிருந்த பல பேக்கேஜ்கள் அதனுடன் ஓட மறுத்தன. நேற்று ஓடிய நிரல், யாரும் கை வைக்காமலே, இன்று புதுக் கணினியில் ஓடவில்லை. தர்மபுரிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரில்லாத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒரு மாணவி தன் ஊர்க் கிணறுகளின் ஃப்ளோரைடு அளவுகளைச் சேகரித்துப் பட்டை வரைபடமாக வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அவளுடைய தங்கை அதே நிரலைப் புதிய அளவுகளோடு ஓட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிரலும் தரவும் கையில் இருந்தும், எந்தப் பதிப்புகளோடு அது ஓடியது என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஓராண்டு உழைப்பு அறுந்துபோகும்.

அந்த வரைபடத்தில் 'பென்னாகரம்' என்று தமிழில் பெயர் வைக்க அவள் முயன்றால் இன்னொன்றும் தெரியவரும். மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் 3.10 வரையிலான பதிப்புகளில் ஒற்றைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இத்தனைக்கும் அதன் சார்பான பில்லோ, ராக்ம் என்ற நூலகம் உடனிருந்தால் தமிழைச் சரியாகவே கோக்கும். தமிழ் வரைபடம் வேண்டுவோருக்கு எந்தப் பதிப்பு, எந்தச் சார்பு என்பது ருசிக்கான தேர்வு கிடையாது, தேவை.

கருவிகளை ஒப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் தருகிறதா? நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாக எழுதி வைக்கிறதா?

தனிச் சூழல் என்பது பைத்தான் 3.3-இலிருந்து, அதாவது 2012 முதல், மொழியோடு சேர்ந்தே வரும் வென்வ் வசதி. ஒரு கோப்புறைக்குள் அந்த வேலைக்கான பேக்கேஜ்கள் மட்டும் இருக்கும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றொன்று கெடாது. லினக்ஸில் இது இன்னும் முக்கியம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸுக்கு அடிப்படை டெபியன். டெபியனின் சொந்தக் கருவிகள் சிலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றின் பேக்கேஜ்களை பிப் மாற்றிவிட்டால் கணினியின் உறுப்புகளே பழுதாகும். 2023-இல் வந்த டெபியன் 12 இதனால்தான் பொதுவான பைத்தானில் பிப் நேரடியாக எதையும் நிறுவுவதைத் தடுத்துவிட்டது. பாடநூல் கட்டளையை அப்படியே அடித்தால் அங்கே எரர்தான் வரும். சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் அடித்தால் ஓடும்.

மற்றக் கருவிகள் ஒவ்வொன்றும் பிப்பின் ஏதோ ஒரு குறையிலிருந்து பிறந்தவை. 2012-இல் வந்த கோண்டா, பைத்தான் அல்லாத சி, ஃபோர்ட்ரான் நூலகங்களையும் சேர்த்துக் கொண்டுவரும். அறிவியல் ஆய்வுக்கூடங்களுக்கு இன்றும் அதுவே வசதி. பிளஸ் டூ பாடத்துக்கு அது அதிகம். 2017-இன் பிப்பென்வ், 2018-இன் பொயட்ரி இரண்டும் பதிப்புப் பூட்டுக் கோப்பு என்ற வழக்கத்தைப் பைத்தானில் பரப்பின. இறங்கிய ஒவ்வொரு பேக்கேஜின் பெயர், பதிப்பு, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண் எல்லாம் அதில் இருக்கும். 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட யூவி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. பிப்பைவிட 10 முதல் 100 மடங்கு வேகம் என்று அதன் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒருமுறை இறக்கியதைப் பொதுவாக ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பல சூழல்களுக்கும் பகிர்வது அதன் இன்னொரு நல்ல குணம். மேட்பிளாட்லிப் உள்ள ஒவ்வொரு சூழலும் வட்டில் 100 எம்பி அளவில் இடம் பிடிக்கும் என்பதால், சின்ன ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு அது உபகாரம்.

ஆனால் இந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் தன் பூட்டுக் கோப்பைத் தன் பாணியில் எழுதின. ஒன்றின் கோப்பை மற்றொன்று படிக்காது. பைத்தான் மையக் குழுவின் பிரெட் கேனன் இதற்குப் பொது வடிவம் ஒன்றை முன்வைத்து, முதல் முன்மொழிவு நிராகரிக்கப்பட்டபின் விடாமல் மறுபடி எழுதி, 2025 மார்ச்சில் ஏற்கச் செய்தார். என் பார்வையில் பைத்தான் பேக்கேஜ் வரலாற்றில் யூவியின் வேகத்தைவிட இதுவே பெரிய நிகழ்ச்சி. எந்தக் கருவி பிடித்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். எழுதி வைத்த பட்டியல் எல்லோருக்கும் பொது.

ஹாஷ் எண் எதற்கு என்று ஒரு சம்பவம் காட்டும். சிடிஎக்ஸ் என்ற சிறு பேக்கேஜ் 2014-க்குப் பின் புதுப்பிக்கப்படாமல் பைபிஐயில் கிடந்தது. அதன் உரிமையாளரின் மின்னஞ்சல் இருந்த டொமைன் காலாவதியாக, 2022 மே மாதம் இன்னொருவர் அந்த டொமைனை வாங்கி, கடவுச்சொல்லை மாற்றி, கணினியில் உள்ள ரகசிய விவரங்களைத் திருடும் நிரலை அதே பெயரில் ஏற்றினார். ஹாஷ் எண்ணோடு பூட்டி வைத்திருந்தவர்களின் கருவி, கோப்பு மாறியிருக்கிறது என்று சொல்லி நிறுவ மறுக்கும். எழுத்துப் பிழையாகப் பெயரை அடிப்பவர்களுக்காக ஒத்த பெயரில் வலை விரிப்பவர்களும் உண்டு. ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் பார்த்து அடிக்கும் நம் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இணையம் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத ஆய்வகத்துக்கு என்ன வழி? பிப்பிடமே இருக்கிறது. இணையம் உள்ள ஒரு கணினியில் நிறுவாமல் இறக்க மட்டும் சொன்னால், 11 பேக்கேஜ்களும் வீல் எனப்படும் நிறுவல் கோப்புகளாக ஒரு கோப்புறையில் சேரும். சில பத்து எம்பி. அதைப் பென்டிரைவில் எடுத்துப்போய், 'கிடங்கைத் தேடாதே, இந்தக் கோப்புறையில் மட்டும் பார்' என்று பிப்பிடம் சொன்னால் ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பு இறங்கிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீல் கோப்பின் பெயரிலேயே எந்தப் பைத்தான், எந்த இயங்குதளம், 32 பிட்டா 64 பிட்டா என்பது எழுதியிருக்கும். வீட்டு லினக்ஸில் இறக்கிய நம்பை, பள்ளி விண்டோஸில் ஏறாது. ஆய்வகத்தில் உள்ளதைப் போன்ற கணினியிலேயே இறக்க வேண்டும்.

பாடநூலின் அடுத்த திருத்தத்தில் 16-ஆவது அத்தியாயத்துக்கு அரைப் பக்கம் கூடுதலாகக் கிடைத்தால் மூன்று வரிகள் போதும்: சூழலை உருவாக்கும் வரி, நிறுவிய பதிப்புகளைப் பட்டியலாக எழுதி வைக்கும் வரி, அந்தப் பட்டியலிலிருந்து மறுபடி நிறுவும் வரி. பிப் எழுதும் எளிய பட்டியலில் ஹாஷ் எண் இருக்காது என்பது உண்மை. பள்ளி ஆய்வகத்துக்கு அது தடையாகாது. மூன்றுக்கும் வேண்டியவை பைத்தானோடு சேர்ந்தே வருகின்றன. புதிதாக ஒரு கருவியும் நிறுவ வேண்டியதில்லை.